அப்பா தூங்குறாங்க

என் அக்கா வீட்டுக்குப் போகிறவர்கள் கதவைத் தட்டக் கூடாது. அழைப்பு மணியின் ஒயரை எட்டு வருடத்துக்கு முன்பே பிடுங்கியாயிற்று. வாசலில் நின்றுகொண்டு அக்காவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். அவள் வந்து, தாழ்ப்பாள் கிரீச்சிடாமல் துணி சுற்றிப் பிடித்துத் திறப்பாள். உள்ளே காலை வைத்ததும் பெரியவள் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு எதிரே வருவாள். "சித்தி, அப்பா தூங்குறாங்க." ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு இந்த வரவேற்பு.

அக்கா வீட்டுக்காரர், அதாவது எங்கள் மாமா, ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறவர். பதினேழு வயதில் தட்டுக் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தார். இப்போது நாற்பதாகிறது, இரண்டு பெரிய ஓவன்கள் அவர் பொறுப்பில் இருக்கின்றன. மாலை ஆறு மணிக்குப் போனால் காலை ஆறு மணிக்குத்தான் திரும்புவார். வரும்போது சட்டையில் சுட்ட ரொட்டி வாசனை அடிக்கும். முன்கைகள் இரண்டிலும் சூடான தட்டு விளிம்பு பட்ட தழும்புகள், கோடு போட்ட நோட்டு மாதிரி வரிசையாக இருக்கும். தெருவில் ரொட்டிக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பாதிப் பேர் அவரை முழுசாக விழித்திருந்து பார்த்ததில்லை.

முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோதே, டீயைப் பாதி குடித்த நிலையில் நாற்காலியில் தூங்கிவிட்டார். கையிலிருந்த டம்ளர் மட்டும் சாயவில்லை. என் அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. "மனசுல கள்ளம் இருக்கிறவனா இருந்தா இப்படித் தூங்குவானா?" என்று கேட்டு அன்றைக்கே சம்மதம் சொல்லிவிட்டார். எனக்கு அப்போது பதினாறு வயது, வாய் நீளம். "நல்ல மாப்பிள்ளை பிடிச்சீங்க. அக்காவோட ஒரு தலையணையும் சேர்த்து அனுப்புங்க" என்றேன். கண்ணைத் திறக்காமலே அவர் உதடு சிரித்தது. அன்றைக்கு அவர் நிஜமாகத் தூங்கினாரா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம் உண்டு.

கல்யாணத்துக்குப் பிறகு அக்கா தன் வீட்டை ஒரு தூக்கத்தைச் சுற்றிக் கட்டினாள். படுக்கையறை ஜன்னலில் கறுப்புப் போர்வை. நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் தொப்பி. மிக்ஸியை ஓட்ட வேண்டுமென்றால் அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவாள். துணி தைத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. தையல் மெஷின் மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. பிள்ளைகள் நடக்கப் பழகியதே நுனிக்காலில்தான். மூன்று பிள்ளைகளுக்கும் குசுகுசுவென்று பேசுவது தாய்மொழி. சண்டை வந்தால்கூடச் சத்தமில்லாமல் கிள்ளிக்கொள்வார்கள், கிள்ளு வாங்கினவன் சத்தமில்லாமல் அழுவான்.

நான் ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியில் புகார் கேட்கும் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர் கோபத்தைக் காதில் வாங்கி வாங்கி, சாயங்காலம் எனக்கென்று ஒரு குடம் கோபம் சேர்ந்திருக்கும். சத்தம் போட்டுப் பேசினால்தான் அது வடியும். அந்த வீடு எனக்கு ஆகாத இடம். ஆனாலும் வாரம் தவறாமல் போகிறேன். மாமா விழித்திருக்கிற ஒன்றிரண்டு மணி நேரம் அவ்வளவு நன்றாக இருக்கும். என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். நான் எதற்குக் கத்தினாலும், "மேடம், உங்க அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்று என் ஆபீஸ் குரலிலேயே சொல்லி ஆளை அடக்கிவிடுவார்.

மூன்று பிள்ளைகளில் பெரியவளுக்கு எட்டு வயது. வீட்டுச் சட்டதிட்டம் மொத்தமும் அவள் கையில். நடுவன் ஆறு வயதுக்காரன், எப்போதும் பசியில் இருப்பான். மூன்றாவதுக்கு மூன்று வயது. அதை வாண்டு என்று கூப்பிடுகிறோம். பெயர்தான் வாண்டு, உரக்க ஒரு வார்த்தை அதன் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

வாண்டுவுக்கும் மாமாவுக்கும் நேரம் ஒத்துவரவே இல்லை. மாமா நாலு மணிக்கு எழுந்திருக்கும்போது அவள் மதியத் தூக்கத்தில் இருப்பாள். அவள் எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வரும்போது, அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார். வார விடுமுறை நாளிலும் உடம்பு பழகின நேரத்துக்குத் தூங்கித்தான் விழும். மூத்த இரண்டு பேரும் பிறந்தபோது அவருக்கு ஓவன் பொறுப்பு கிடையாது, அவ்வப்போது பகல் வேலை கிடைத்தது. அவர்களுக்கு அப்பாவைத் தெரியும். வாண்டுவுக்கு அப்பா என்பது ஒரு மூடின கதவு.

இந்த வருடம் ஓவன்களைப் பிரித்துச் சரிபார்க்கத் தொழிற்சாலையை ஆறு நாள் மூடினார்கள். மாமா நேராக வீட்டுக்கு வந்து, தூங்கப் போகாமல், "கடலுக்குப் போறோம்" என்றார். அக்கா நம்பவில்லை. பிறகு எனக்கு அழைப்பு வந்தது. "நீயும் வாயேன்டி, உனக்கும் ஒரு மாறுதலா இருக்கும்." மூன்று சிறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போகிறவர்கள் ஒரு கல்யாணமாகாத தங்கையை எதற்குக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? இரண்டு கையும் இரண்டு தோளும் இருக்கிற சம்பளமில்லாத ஆள் வேண்டும். வருகிறேன் என்றேன்.

பேருந்தில் ஐந்து மணி நேரம். நடுவன் இரண்டு தடவை வாந்தி எடுத்தான், இரண்டும் என் மேல். வாண்டு எனக்கும் மாமாவுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தாள். மாமா பக்கம் தன் துணிப்பையை வைத்துக் கரை கட்டிக்கொண்டிருந்தாள். முன் இருக்கையிலிருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்து, "பாப்பா யாரோட ஊருக்குப் போற? அப்பா வரலையா?" என்று விளையாட்டாகக் கேட்டாள்.

"அப்பா வீட்டுல" என்றாள் வாண்டு, குசுகுசுவென்று. "தூங்குறாங்க."

மாமா அவளுக்கு அரை முழத்தில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் வெளியே பார்த்தார்.

நாங்கள் எடுத்த அறைகள் நீச்சல் வளையமும் மணல் வாளியும் விற்கிற ஒரு கடைக்கு மாடியில் இருந்தன. கடல் ஒரு தெரு தள்ளி. வீட்டுக்காரம்மாவுக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரி, மணல். "மணலோடு மேலே ஏறாதீர்கள்" என்று படிக்கட்டில் மூன்று இடத்தில் எழுதிப் போட்டிருந்தாள். படிக்குக் கீழே ஒரு குழாய், அதில் எல்லோரும் முழங்கால்வரை கழுவ வேண்டும். கழுவி ஏறினாலும் மணல் கூடவே ஏறியது. படுக்கையில் மணல், சீப்பில் மணல், நடுவன் காதுக்குள் மணல். இரண்டாம் நாள் என் பல்லில் அரைபட்டது எதுவென்று நான் யோசிப்பதையே விட்டுவிட்டேன்.

கடலுக்குப் போனால் காற்று வாங்கலாம், கால் நனைக்கலாம் என்று கதை சொல்கிறவர்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. பாயை விரித்து, குடையை நட்டு, பைகளை இறக்கி வைத்து நாம் உட்காரும் நொடியில் ஒருத்தனுக்கு ஒண்ணுக்கு வரும். அவனைக் கூட்டிப் போய் வருவதற்குள் அடுத்தவளுக்கு வரும். கண்ணில் உப்புத் தண்ணீர் பட்டு ஓர் அழுகை. வாளி யாருடையது என்று ஓர் அழுகை. அழுகை என்றால் எங்கள் பிள்ளைகளின் சத்தமில்லாத அழுகை. முகத்தைப் பார்த்தால்தான் தெரியும், அதனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது. நனைந்த துணியைக் கழற்றுவது ஒரு போர், காய்ந்த துணியை ஈர உடம்பில் மாட்டுவது இன்னொரு போர். மாட்டி முடித்ததும் ஓடிப்போய்த் தண்ணீரில் உட்கார்ந்துவிடுவார்கள்.

ஆனால் நடுவன் முதல் அலை முழங்காலில் மோதியபோது திரும்பி என்னைப் பார்த்த முகத்தை நான் எங்கே போய் வாங்குவேன்? வாயெல்லாம் பல். சட்டம் பேசுகிற பெரியவள் சட்டத்தை மறந்துவிட்டு ஈர மணலில் குட்டிக்கரணம் போட்டாள். வாண்டு நண்டு வளை ஒன்றின் முன்னால் குந்தி உட்கார்ந்து, உள்ளே பார்த்து ஏதோ ரகசியம் சொன்னாள். அதற்காக இன்னும் நாலு தடவை என் மேல் வாந்தி எடுத்தாலும் சரி என்று தோன்றியது.

முதல் நாள் சாயங்காலம் படிக்குக் கீழே குழாயடியில் மாமாவும் நானும் வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தோம்.

"மேடம், ஒரு புகார் இருக்கு" என்றார்.

"பதிவு பண்ணிக்கிட்டேன். ஏழு நாள்ல ஆள் வரும்."

"ஏழு நாள் இல்ல, இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு." வாளியைக் கவிழ்த்து வைத்தார். "என் சின்னப் பொண்ணுக்கு என்னைத் தெரியல."

நான் குழாயை மூடிவிட்டு அவரைப் பார்த்தேன்.

"ஊருக்குத் திரும்புறதுக்குள்ள ஒரே ஒரு தடவை அவளா என்கிட்ட வரணும். நானா தூக்கக் கூடாது, அவளா வரணும். அதுக்குத்தான் இந்தப் பயணமே. உங்க அக்காகிட்ட சொல்லல. சொன்னா உடனே அவளைத் தூக்கி என் மடியில உட்கார வெச்சிடுவா. அவ அழுவா."

"அதுக்கு நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

"பகல்ல தூங்க மாட்டேன்" என்றார் மாமா, வேறு யாராவது மலையைப் புரட்டப் போவதாகச் சொல்கிற தோரணையில்.

நிஜமாகவே அது அவருக்கு மலைதான். இருபத்துமூன்று வருடமாகப் பெரும்பாலும் பகலில் தூங்கின உடம்பு. காலை பத்து மணி ஆனால் தூக்கம் கண்ணைச் சுழற்றும். அவர் கடலில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். டீ மேல் டீ குடித்தார். தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டார். "அந்தக் கப்பல் பாருங்க, அது எங்க..." என்று ஆரம்பித்து, வாக்கியத்தை முடிக்காமல் நின்ற நிலையிலேயே குறட்டை விட்டார். பெரியவள் உடனே தம்பி தங்கையிடம் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். மூன்று பேரும் விளையாட்டை நிறுத்திவிட்டு நுனிக்காலில் நகர்ந்தார்கள். மணலில் நுனிக்கால்! கடல் அந்தப் பக்கம் இரைந்துகொண்டிருக்கிறது, நூறு பேர் கத்திக்கொண்டிருக்கிறார்கள், இவர்கள் மூன்று பேரும் குசுகுசுவென்று பேசுகிறார்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இரவில் நாங்கள் தூங்கும்போது மாமா கொட்டக் கொட்ட விழித்திருப்பார் போலிருக்கிறது. காலையில் எழுந்து பார்த்தால் அன்றைக்கான துண்டுகள், மாற்றுத் துணிகள், தண்ணீர் பாட்டில்கள் எல்லாம் சுவரோரம் அளவெடுத்த மாதிரி வரிசையாக இருக்கும். ரொட்டித் தட்டு அடுக்கின கை.

இரண்டாம் நாள் அவர் பையிலிருந்து நாலு பழைய ரொட்டி அச்சுகளை எடுத்தார். நசுங்கிப்போனதென்று தொழிற்சாலையில் ஒதுக்கிய தகர அச்சுகள். ஈர மணலை ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தார், விரலால் குத்திப் பார்த்தார். "தண்ணி பத்தல" என்று இன்னும் கொஞ்சம் தெளித்துப் பிசைந்தார். அச்சில் அடைத்து, தட்டி, ஒரே வீச்சில் கவிழ்த்தார். ஓரம் உடையாமல் ஒரு ரொட்டி வந்து உட்கார்ந்தது. பக்கத்திலிருந்த பிள்ளைகளின் மண் கோபுரமெல்லாம் சரிந்து விழுந்துகொண்டிருக்க, எங்கள் இடத்தில் மணல் ரொட்டி முப்பது வரிசை கட்டி நின்றது. நடுவன் ஒன்றைத் தின்று பார்த்தான்.

வாண்டு நாலு முழம் தள்ளி நின்று பார்த்தாள். மாமா அவளைப் பார்க்காத மாதிரி வேலை செய்தார். ஓர் அச்சை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். அவர் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனபோது அவள் வந்து அதை எடுத்துக்கொண்டு மறுபடி நாலு முழம் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். அன்றைக்கு நடந்தது அவ்வளவுதான். மாமாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது, ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு பங்கு சாப்பிட்டார். கடை ரொட்டியை மட்டும் விரலால் குத்திப் பார்த்துவிட்டு, "ஓவன் சூடு பத்தல" என்று ஒதுக்கி வைத்தார்.

மூன்றாம் நாள்தான் கடலுக்குப் போகிற கடைசி நாள், மறுநாள் காலையில் பேருந்து. மதியம் அக்காவுக்கு வெயிலில் தலை வலித்தது. மாமா அவளிடம், "நீ போய்த் தூங்கு" என்றார். "எத்தனை வருஷமா என் தூக்கத்துக்குக் காவல் இருந்தே. இன்னைக்கு நான் பார்த்துக்கிறேன், போ." அக்கா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கண் கலங்கிப் போய் அறைக்குப் போனாள். நாற்காலி வாடகைக்கு விடுகிறவர் எங்களைத் தாண்டிப் போகும்போது, "மூணு மணிக்கு மேல தண்ணி ஏறும் சார், கொஞ்சம் மேல தள்ளிப் போட்டுக்கோங்க" என்றார். "சரிங்க, பார்த்துக்கிறேன்" என்றார் மாமா. அவர் அன்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற மனநிலையில் இருந்தார்.

நடுவனுக்குப் பசி வந்தது. உருளைக்கிழங்கு வறுவல் கடை மேலே சாலையோரம் இருந்தது. "போய்ட்டு வரவா? தூங்கிட மாட்டீங்களே?" என்று கேட்டேன்.

"மேடம், நான் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கேன். போங்க."

போனேன். அது என் தப்பு. கடையில் வரிசை பாம்பாக வளைந்து நின்றது. எனக்கு முன்னால் நின்றவர் தன் குடும்பத்தில் யார் யாருக்குக் காரம் ஆகாது என்று கடைக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் கழித்து, கை நிறையப் பொட்டலங்களோடு திரும்பினேன். மேலிருந்து பார்த்தபோது எங்கள் குடையின் கம்பைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. ஓடிக்கொண்டே தலைகளை எண்ணினேன். மூன்று. மறுபடியும் எண்ணினேன், மூன்றுதான். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. மூச்சோடு கோபமும் வந்தது. மாமா பாயில் மல்லாந்து கிடந்தார். வாய் திறந்திருந்தது. மூன்று பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடலோரத்தில் ஒரு மனிதன் தூங்குவானா? சேர்த்து வைத்த மொத்தக் கோபத்தையும் அவர் தலையில் கொட்டுவதற்கு வாயைத் திறந்தேன்.

பெரியவள் உதட்டில் விரலை வைத்தாள்.

அவள் தோளில் அக்காவின் பை இருந்தது. துண்டுகள், பாட்டில்கள், துணிகள் எல்லாம் ஏற்கெனவே மேலே காய்ந்த மணலில் அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றாக, நுனிக்காலில் நடந்து கொண்டுபோய் வைத்திருக்கிறாள். நடுவன் மாமாவின் காலடியில் முட்டி போட்டு உட்கார்ந்து, அச்சில் மணலை அடைத்து அடைத்துக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். மாமாவின் கால்களைச் சுற்றி இரண்டு வரிசை மணல் ரொட்டியில் சுவர் எழுந்திருந்தது. அலை வந்து ஒரு ரொட்டியைக் கரைத்தால் அவன் அந்த இடத்தில் உடனே இன்னொன்றை வைத்தான். சத்தம் வராமல் தட்டினான். மாமாவின் செருப்பில் ஒன்று தூரத்தில் அலையோடு போய்க்கொண்டிருந்தது.

"சித்தி, மெதுவா" என்று பெரியவள் என் காதருகே சொன்னாள். "தண்ணி வந்துடுச்சு. எல்லாத்தையும் எடுத்து வெச்சிட்டோம். அப்பாவை மட்டும்தான் தூக்க முடியல."

"எழுப்ப வேண்டியதுதானேடி?" நானும் குசுகுசுவென்றுதான் கேட்டேன். என்ன வாய் இது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

திருடச் சொன்ன மாதிரி என்னைப் பார்த்தாள். "அப்பா தூங்குறாங்க சித்தி."

"வாண்டு எங்க?"

அவள் கையைக் காட்டினாள்.

வாண்டு குடை நிழலில் மாமாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவர் தலை அவளுடைய இரண்டு முழங்காலுக்கு நடுவில் இருந்தது. இரண்டு உள்ளங்கைகளால் அவருடைய இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டிருந்தாள். கை போதவில்லை, காதின் மேல்பாதிதான் மூடியிருந்தது. அதனால் மாற்றி மாற்றி, மேலும் கீழும் நகர்த்திக்கொண்டே இருந்தாள். ஒவ்வோர் அலை வரும்போதும் தலையை நிமிர்த்திக் கடலைப் பார்த்து, "உஷ்" என்றாள். கடல் கேட்கவில்லை. மறுபடி "உஷ்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கையில் வறுவல் பொட்டலங்கள், துடைக்கக்கூட வழியில்லை. இரண்டு நாளாக இந்த மனிதர் கிள்ளிக்கொண்டும் முகம் கழுவிக்கொண்டும் விழித்திருந்தது இதற்காகத்தானே. அவளாக வந்திருக்கிறாள். இவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். எழுப்பினால் அவள் கையை எடுத்துவிடுவாள், எழுப்பாவிட்டால் இவருக்குத் தெரியாமலே போய்விடும். புகார் பிரிவில் ஐந்து வருடம் இருந்திருக்கிறேன், இப்படி ஒரு சிக்கல் என்னிடம் வந்ததில்லை.

முடிவு எடுக்கிற வேலையைக் கடலே பார்த்துக்கொண்டது. ஒரு பெரிய அலை வந்து நடுவனின் சுவரை மொத்தமாக வாரிக்கொண்டு மாமாவின் இடுப்புவரை ஏறியது. வாண்டு எழுந்திருக்கவில்லை, கையையும் எடுக்கவில்லை. கழுத்தை நீட்டிக்கொண்டு கடலைப் பார்த்து, "சத்தம் போடாதே! எங்கப்பா தூங்குறாங்க!" என்று கத்தினாள். பக்கத்துக் குடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரல் அவ்வளவு கணீரென்று இருக்கும் என்று எங்களில் யாருக்கும் அன்றுவரை தெரியாது.

மாமா கண்ணைத் திறந்தார்.

தலைக்கு மேலே தலைகீழாக அவள் முகவாய் தெரிந்திருக்க வேண்டும். காதில் இரண்டு சின்னக் கைகள். அவர் அசையவில்லை. கண்ணை மட்டும் சுழற்றி என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். வாண்டு கடலைத் திட்டி முடித்துவிட்டுக் கீழே குனிந்தாள். அதற்குள் மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த அலை வந்தது. சட்டை தண்ணீரில் உப்பி மிதந்தது. அவர் தூங்கினார். அதற்கடுத்த அலையில் பாய் ஒரு பக்கம் கழன்றுகொண்டு போயிற்று. அவர் தூங்கினார். மூடின இமைகளின் ஓரத்தில் நீர் இறங்கிக்கொண்டிருந்தது, கடல் அதுவரைக்கும் இன்னும் ஏறியிருக்கவில்லை. நான் வறுவலைப் பெரியவளிடம் கொடுத்துவிட்டு, நடுவன் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் அச்சை எடுத்துக்கொண்டேன். இரண்டு பேருமாகச் சுவருக்கு ரொட்டி போட்டோம்.

அக்கா தூங்கி எழுந்து வந்தபோது நாங்கள் அந்தக் கோலத்தில்தான் இருந்தோம். "என்னடி இது, இவர் தண்ணியில..." என்று ஆரம்பித்தாள். நாங்கள் மூன்று பேரும் உதட்டில் விரலை வைத்தோம்; வாண்டு, கை ஒழியாததால், கண்ணாலேயே அதட்டினாள்.

கடைசியில் ஓர் அலை மூக்கில் ஏறி மாமாவுக்குப் புரையேறியது. இருமி எழுந்து உட்கார்ந்தார். வாண்டுவின் முகம் சுருங்கிப்போயிற்று. "அப்பா எழுந்துட்டாங்க" என்றாள், பழைய குசுகுசுக் குரலில்.

"இல்லையே. நான் இன்னும் தூங்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் மாமா, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு.

அவள் முன்னால் வந்து, அவர் மூடின கண்ணை உற்றுப் பார்த்தாள். "தூங்குறப்ப பேசுவாங்களா?"

"நான் பேசுவேன்."

"தூக்குவீங்களா?"

"அதுவும் தெரியும்."

அவள் இரண்டு கையையும் மேலே நீட்டினாள்.

மாமா அவளைத் தூக்கிக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு, சொட்டச் சொட்ட அறைவரை நடந்தார். வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது, நான் முழங்கையைப் பிடித்து வழி காட்டினேன். குழாயடியில் நிறுத்தி வைத்து, மூன்று பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கியதற்காகப் பத்து நிமிடம் திட்டினேன். கடலுக்குப் போய் ஒருவராவது இரைந்து பேச வேண்டாமா? அவர் இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து ஒவ்வொன்றுக்கும் "சரி மேடம், தப்புதான் மேடம்" என்று கேட்டுக்கொண்டார். முகத்தில் வருத்தத்தின் சுவடே இல்லை. வீட்டுக்காரம்மா மேலிருந்து எட்டிப் பார்த்து, மணலோடு ஏறாதீங்க என்றாள்.

ஊர் திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. ஓவன்கள் பழையபடி எரிகின்றன, மாமா ராத்திரி போய்க் காலையில் வருகிறார். வாசல் மணி இன்னும் பிடுங்கித்தான் கிடக்கிறது. ஒரே ஒரு மாறுதல். வாண்டு இப்போது மதியம் தூங்குவதில்லை. தெருவில் லாரி சத்தமோ பழைய பேப்பர்காரர் குரலோ கேட்டால் போதும், படுக்கையறைக் கதவை நுனிக்காலில் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறாள். போர்வை போட்ட இருட்டில் மாமாவின் தலைமாட்டில் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொள்கிறாள். லாரி போன பிறகும் கையை எடுப்பதில்லை.

"இவருக்கு ஒழுங்கான தூக்கமே இல்லடி. உள்ளங்கை பட்டா முழிச்சுக்கிறார், முழிச்சுக்கிட்டு அப்படியே படுத்திருக்கார். இப்படியே போனா உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று அக்கா என்னிடம் புகார் சொன்னாள்.

போன வாரம் நான் போயிருந்தபோது மாமா எழுந்து வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஒரு கையில் டீ, இன்னொரு கையில் வாண்டு. அக்கா சொன்னதைச் சொல்லி, தூக்கம் கெடுவதைப் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"என் தரப்புல புகார் எதுவும் இல்ல மேடம்" என்றார். "பழைய புகாரையும் முடிச்சிடுங்க."